கேள்வி – பதில்: ஆறாம் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக்கை என்ன செய்வது?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்ததும் முதல் சுற்று வீரர்களைப் பற்றித்தான் கடிதங்கள் குவியும் என்று பார்த்தால், வந்தவற்றில் பெரும்பாலானவை கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்ட, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றியவை. பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அணி 6-ஆம் சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருக்கிறது. முன்வரிசையில் தடுக்கும் ஒரு கார்டையோ, எதிரணியின் எறிதலைத் தடுக்கும் கார்னர்பேக்கையோ எடுத்திருக்கலாம். கேட்டால், ஆறாம் சுற்றில் வந்து பெரும் நட்சத்திரமான டாம் பிராடியின் பெயரைச் சொல்லி வாயை அடைக்கிறார்கள். ஒரு தேர்வு வீண்தானே?

பதில்: பிராடியின் பெயரைச் சொல்பவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2000 டிராஃப்டில் அவர் 199-ஆவது. அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்: பெனிங்டன், கார்மாஸி, ரெட்மன், டீ மார்ட்டின், பல்ஜர், வின். மூன்றாம் சுற்றில் போன கார்மாஸி வழக்கமான சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பல்ஜரும் பிராடியைப் போல ஆறாம் சுற்றுதான், 168-ஆவது. சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கு இரண்டு முறை போனார். ஆனால் அந்தப் பலனை அனுபவித்தது செயின்ட் லூயிஸ். அவரை டிராஃப்டில் எடுத்த நியூ ஆர்லியன்ஸ் சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. சரியான ஆளை எடுத்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிராடியை எடுத்த நியூ இங்கிலாந்து செய்த காரியம் வேறு. 2000-இல், சீசனுக்கு வைத்துக்கொள்ள அனுமதி உள்ள 53 பேர் பட்டியலில் நான்கு குவார்ட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு முழுக்க பிராடி எறிந்தது மூன்றே பந்துகள், சக வீரர் பிடித்தது ஒன்று. அந்த மூன்று பந்துக்காக ஓர் இடத்தை 17 வாரம் அடைத்து வைத்திருந்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் முதல் குவார்ட்டர்பேக் பிளெட்சோ காயப்பட்டபோது பிராடி இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தார்.

ஆகவே தேர்வு வீணா என்று கேட்காதீர்கள். ஆறாம் சுற்றில் எடுக்கும் கார்டும் இரண்டு ஆண்டில் காணாமல் போகக் கூடியவர்தான். உண்மையான செலவு ஆகஸ்ட் இறுதியில் வருகிறது: அந்த 53-இல் ஓர் இடம். அதைத் தர மனம் இல்லாத அணி ஏப்ரலில் அவரை எடுத்திருக்கவே கூடாது.

கேள்வி: 53-இல் வைக்காமல், பயிற்சிக்கான துணைக் குழுவான பிராக்டிஸ் ஸ்க்வாடில் ஒளித்து வைக்க முடியாதா? இதற்கென்று புது விதிகூட வந்ததாமே?

பதில்: முடியும், சூதாட்டம்தான். முகாமில் இருக்கும் 90 பேரை 53 ஆகக் குறைக்கும்போது ரூக்கியை (முதல் ஆண்டு வீரரை) விடுவித்தால் அவர் நேராக உங்கள் பிராக்டிஸ் ஸ்க்வாடுக்கு வந்துவிட மாட்டார். முதலில் வெய்வர். ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் மற்ற 31 அணிகளில் யார் வேண்டுமானாலும் அவரைக் கேட்கலாம். சீசனின் மூன்றாவது வாரம் வரை அந்த வரிசை டிராஃப்ட் வரிசைதான், அதாவது போன ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. குவார்ட்டர்பேக் பஞ்சத்தில் இருப்பதும் பெரும்பாலும் அதே அணிகள். அங்கேதான் கை நழுவும்.

யாரும் கேட்கவில்லை என்றால் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்க்வாடில் சேர்க்கலாம். அதன் பிறகும் நிம்மதி இல்லை. இன்னோர் அணி எந்த வாரமும் வந்து அவரைத் தன் 53-க்கு அழைக்கலாம், ஒரே நிபந்தனை மூன்று வாரமாவது அங்கே வைத்திருக்க வேண்டும். அதனால்தான் சில பயிற்சியாளர்கள், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான பிரீசீசனின் கடைசி ஆட்டத்தில் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வெளியே காட்டுவதே இல்லை. ரசிகர்கள் அதைப் பார்த்து ‘ஆள் தேற மாட்டான் போலிருக்கிறது’ என்கிறார்கள். பல நேரம் அதற்கு நேர் எதிர்.

நீங்கள் கேட்ட விதி அவசரக்கால மூன்றாவது குவார்ட்டர்பேக் விதி. 2023 ஜனவரியில் என்எஃப்சி பிரிவின் இறுதி ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பர்டிக்கு முழங்கை போனது, பதிலுக்கு வந்த ஜோஷ் ஜான்சனும் தலையில் அடிபட்டு வெளியேறினார். எறிய முடியாத கையோடு பர்டியே திரும்ப வர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே விதி வந்தது. ஆட்ட நாளில் இறங்க அனுமதி உள்ளவர்களின் எண்ணிக்கையில் சேராமல் மூன்றாமவரைத் தயாராக வைக்கலாம், ஆனால் அவர் 53-இல் இருக்க வேண்டும். 2024-இல் அதைத் தளர்த்தி, பிராக்டிஸ் ஸ்க்வாட் ஆளையும் எத்தனை முறை வேண்டுமானாலும் அப்படி வைக்கலாம் என்றார்கள். முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றத்தாலோ ஆட முடியாதபோதுதான் அவர் இறங்கலாம். மோசமாக ஆடுகிறார் என்று முதலாமவரை மாற்றிவிட்டு அவரை அனுப்ப முடியாது. காயப்பட்டவர் மருத்துவச் சோதனையில் தேறி வந்துவிட்டால் மூன்றாமவர் வெளியே போக வேண்டும்.

கேள்வி: பிரீசீசனில் எங்கள் ரூக்கி, புள்ளி தரும் இரண்டு டச்டவுன் எறிந்தார். நம்பலாமா? என்ன பார்க்க வேண்டும்?

பதில்: டச்டவுனைப் பார்க்காதீர்கள். நான்காம் குவார்ட்டரில் எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வேலை தேடப் போகிறவர்கள்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கத் தரும் 40 விநாடி பிளே கிளாக்கில் 15 விநாடி மீதம் இருக்கும்போது, பயிற்சியாளர் பேசும் ஹெல்மெட் வானொலி நின்றுவிடும். அதற்குள் பயிற்சியாளர் சொன்ன ஆட்டத் திட்டத்தின் நீளமான பெயரை, வீரர்கள் கூடி நிற்கும் ஹடிலில் மாறாமல் ஒப்பித்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, எதிரணியின் நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டி, தன்னைக் காக்கும் முன்வரிசை லைன்மன்களின் தடுப்பைத் திருப்பிவிட வேண்டும். பல கல்லூரி அணிகளில் ஹடிலே கிடையாது. ஓரத்தில் பிடிக்கும் அட்டையையோ கைச்சைகையையோ பார்த்து ஆடிப் பழகியவர்கள். 6 விநாடி மீதம் இருக்கும்போதுதான் ஹடில் கலைகிறது என்றால், அவருக்கு எதிரணியைப் படிக்க நேரமே இல்லை. அடுத்து வரும் ‘சாக்’குக்கு (எறியும் முன் பந்தோடு வீழ்த்தப்படுவதற்கு) லைன்மனைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது, ஹாஷ் கோடு, அதாவது ஒவ்வோர் ஆட்டமும் எங்கே தொடங்கலாம் என்று எல்லை காட்டும் கோடுகள். கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாகத் தனித்து நிற்பார். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருக்கிறது. விசாலமான பக்கமும் இல்லை, சுலபமான குறுகிய பக்கமும் இல்லை. கல்லூரியில் எப்போதும் விசாலப் பக்கத்தை நோக்கி எறிந்து பெயர் வாங்கியவரா என்று பழைய காணொளிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நெருக்கடி வரும்போது கால் என்ன செய்கிறது என்பது. அழுத்தம் வந்தால் பின்னோக்கி ஓடிச் சுற்றுகிறவர் கல்லூரியில் தப்பிப்பார். இங்கே ஓரத்தில் வரும் ஆள் அவரைவிட வேகமாக ஓடுவார், 7 யார்டில் விழ வேண்டியது 14 யார்டில் விழும். லைன்மன்கள் காக்கும் பாக்கெட்டுக்குள்ளேயே அரை அடி முன்னால் ஏறிப் பந்தை எறிந்துவிடுகிறவரை நம்பலாம். சாக் வாங்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. கையின் வலிமையை மெருகேற்றுவதைவிட இதைத் திருத்துவது கடினம்.

40 யார்டு ஓட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிராடி அதை ஓடியது மெதுவான 5.28 விநாடியில்.

கேள்வி: பிராக் பர்டி மாதிரி ஒருவர் கிடைத்தால் எவ்வளவு மிச்சம்? அது பர்டியின் திறமையா, அவருடைய பயிற்சியாளர் ஷனஹனின் ஆட்ட முறையா?

பதில்: பணக் கணக்கு முதலில். 2022-இல் சான் பிரான்சிஸ்கோ எடுத்த பர்டி, 262 தேர்வுகளில் 262-ஆவது. நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 37 லட்சம் டாலர். அதற்கு ஓராண்டு முன் குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸை 3-ஆவதாக எடுக்க அதே அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் மயாமிக்குக் கொடுத்திருந்தது. லான்ஸ் 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குப் போனார். ரூக்கி ஒப்பந்தத்தை மூன்று சீசன் முடியும் வரை திருத்த முடியாது என்பது விதி, ஆக மூன்று ஆண்டும் அணிக்குக் கொள்ளை லாபம். நான்காம் ஆண்டில் ஆட்ட அளவைப் பொறுத்துச் சம்பளம் தானாக ஏறும். 2025 மே மாதம் பர்டியின் புது ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 26.5 கோடி டாலர். மலிவு அதோடு முடிந்தது.

ஆட்ட முறையா திறமையா என்பதில் இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம் உண்டு. ஆனால் அதே முறையில்தான் லான்ஸும் இருந்தார். பர்டி ஐயோவா ஸ்டேட்டில் முதலாம் ஆண்டிலேயே களமிறங்கி நான்கு சீசன் ஆடியவர். கடைசிச் சுற்றுகளில் கையின் வலிமைக்குப் பதிலாக இந்த ஆட்ட எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கட்சி. எதிர் உதாரணமும் உண்டு. மாட் கேசல் யுஎஸ்சியில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடாமல், 2005-இல் 230-ஆவதாகப் போனவர். 2008-இல் பிராடி முழங்கால் போய் உட்கார்ந்தபோது நியூ இங்கிலாந்து அவரோடு 11 வெற்றி, 5 தோல்வி. ஆனால் அதற்கு முன் மூன்று ஆண்டு அதே அறையில் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: 2025-இல் கிளீவ்லாந்து 94-இல் டிலன் கேப்ரியலையும், தேர்வுகளை மாற்றி மேலேறி 144-இல் ஷெடூர் சாண்டர்ஸையும் எடுத்தது. ஒரே டிராஃப்டில் இரண்டு குவார்ட்டர்பேக் முட்டாள்தனம் இல்லையா?

பதில்: வாஷிங்டன் 2012-இல் இதையே செய்தது, 2-இல் கிரிஃபின், 102-இல் கசின்ஸ். கடைசியில் நிலைத்தவர் கசின்ஸ். எடுத்ததில் தவறில்லை, பயிற்சியைப் பங்கிடுவதில்தான் சிக்கல். ஒரு நாள் பயிற்சியில் 60 ஸ்நாப் (60 முறை பந்தைத் தொடங்கி ஆடுவது) என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 30 கொடுக்காமல் அணி தயாராகாது. மிச்சம் 30-ஐ இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 15. கிளீவ்லாந்தில் ஃபிளாக்கோ, பிக்கெட்டோடு அந்தக் கோடையில் நான்கு பேர், ஆக மற்ற மூவருக்கும் ஆளுக்குப் பத்துதான். சீசன் தொடங்கிவிட்டால் மூன்றாமவருக்கு அதுவும் இல்லை, எதிரணியின் அட்டையைப் பார்த்து, எதிரணி போல ஆடிக் காட்டும் ஸ்கவுட் டீமில் எறிய வேண்டியதுதான். டாக் பிரெஸ்காட்டை நினைத்துப் பாருங்கள். 2016-இல் டாலஸ் எடுத்த 135-ஆவது ஆள். முகாமில் இரண்டாவது குவார்ட்டர்பேக் கெலன் மூருக்குக் கால் முறிந்தது, பிரீசீசனில் முதலாமவர் ரோமோவுக்கு முதுகு. செப்டம்பருக்கு முன்பே முதல் அணியின் ஸ்நாப்கள் அவரிடம் வந்துவிட்டன. அந்த ஆண்டு டாலஸ் 13–3. அதே காயங்கள் நவம்பரில் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

கேள்வி: ஆண்டுதோறும் ஒருவரை எடுத்து வளர்த்து விற்றால் என்ன? கிரீன் பே அப்படித்தானே செய்தது?

பதில்: செய்தது. 1993-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்த புரூனலை 1995-இல் ஜாக்சன்வில்லுக்கு மூன்றாம், ஐந்தாம் சுற்றுத் தேர்வுகளுக்கு விற்றது. 1998-இல் 187-ஆவதாக எடுத்த ஹாசல்பெக்கை 2001-இல் சியாட்டிலுக்கு அனுப்பி, முதல் சுற்றில் 17-இலிருந்து 10-க்கு ஏறி, கூடவே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் வாங்கியது. ஆனால் அன்று காட்சிக்கு வைக்க இடம் இருந்தது. இன்று பிரீசீசன் மூன்றே ஆட்டம், வீரர் சங்கத்தோடு போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு முகாமில் பயிற்சி நேரமும் சுருங்கிவிட்டது, இளைஞர்களை அனுப்பி ஆட வைத்த ஐரோப்பிய லீகும் 2007-இல் மூடப்பட்டது. ஆடிக் காட்டாத சரக்கை யார் வாங்குவார்?

கேள்வி: கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் எடுப்பதற்குப் பதில், டிராஃப்ட் முடிந்ததும் ஒப்பந்தம் போட்டுவிட்டால் தேர்வு மிச்சம் ஆகாதா?

பதில்: டிராஃப்ட் ஆகாதவர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அவருடைய ஏஜென்ட் உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருவர் இருப்பதைப் பார்த்தால் வேறு ஊருக்குப் போகச் சொல்வார். ஏழாம் சுற்றுத் தேர்வு என்பது அந்த ஏலத்தைத் தவிர்க்கக் கொடுக்கும் விலை. ஒப்பந்தமும் நான்கு ஆண்டு, டிராஃப்ட் ஆகாதவருக்கு மூன்றுதான்.

கேள்வி: ரூக்கியின் ஜெர்சியை இப்போதே வாங்கலாமா?

பதில்: 53 பேர் பட்டியல் வெளியாகும் வரை பொறுங்கள். முகாமில் 90 பேருக்கு எண் பங்கிட வேண்டியிருப்பதால் சிலருக்குக் கிடைத்த எண் தற்காலிகம். வேறொருவரை விடுவித்ததும் நல்ல எண் காலியாகி, உங்கள் ஆள் அதற்கு மாறிவிடலாம்.