வாசகர் கேள்வி – பதில்: சர்க்கரையில்லாப் பானமும் குறையாத எடையும்

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வயது 39, எடை 76 கிலோ. எடையைக் குறைக்க எண்ணி, வாரம் ஒருமுறை குடித்துவந்த கோலாவை மூன்று மாதங்களுக்கு முன்பு நிறுத்திவிட்டு, சர்க்கரையில்லாத டயட் கோலாவுக்கு மாறினேன். அதில் கலோரி இல்லை என்பதால் மாலையில் ஒன்று, இரவில் ஒன்று என நாள்தோறும் இரண்டு டின் குடிக்கிறேன். அரைக் கிலோகூடக் குறையவில்லை. செயற்கை இனிப்பே உடம்பைப் பெருக்கவைக்கும் என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியை. புற்றுநோய் வரும் என்கிறார் கணவர். இரண்டும் வேண்டாம், வெல்லம் போட்டுக் குடி என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது? பள்ளியில் மூன்று முறை, வீட்டில் ஒருமுறை தேநீர் குடிப்பதுண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. சர்க்கரையைத்தான் மிச்சப்படுத்திவிட்டோமே என்ற துணிவில் மாலைக் கோலாவுடன் இரண்டு போண்டாவும் சேர்ந்துகொண்டது.

பதில்: மூவருக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்கு வருகிறேன், ஏனெனில் எடை குறையாததற்கான காரணத்தை நீங்களே அங்கே எழுதிவிட்டீர்கள்.

300 மில்லி லிட்டர் சாதாரணக் கோலாவில் 30 கிராமுக்குச் சற்று மேலாகச் சர்க்கரை இருக்கும். கிராமுக்கு 4 கிலோகலோரி என்று வைத்தால் ஏறத்தாழ 130 கிலோகலோரி. நீங்கள் குடித்துவந்ததோ வாரத்துக்கு ஒன்று. அதை நிறுத்தியதால் கிடைத்த மிச்சத்தை ஏழு நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 20 கிலோகலோரிகூடத் தேறாது. தேநீரைப் பாருங்கள்: நான்கு குவளை, எட்டுக் கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்றாலும் 40 கிராம், அதாவது 160 கிலோகலோரி. அது அப்படியே தொடர்கிறது. நம் வீட்டுக் கரண்டிகளில் சர்க்கரை குவிந்தே வரும் என்பதால் இதுவும் குறைத்துச் சொன்ன கணக்குத்தான். போண்டா புதிய வரவு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கிலோகலோரி இருக்கிறது. இரண்டு போண்டாக்கள் சட்டியிலிருந்து அந்த அளவு எண்ணெயை இழுத்துக்கொண்டு வந்தாலே, மாவையும் கிழங்கையும் கணக்கில் சேர்க்கும் முன்பே, ஒரு வாரக் கோலா மிச்சம் ஏறத்தாழ முழுவதும் ஒரே மாலையில் தீர்ந்துபோகிறது. சர்க்கரையில்லாப் பானம் எதன் இடத்துக்கு வருகிறதோ அதன் அளவுக்குத்தான் உதவும். வாரத்துக்கு ஒரு கோலாவைத் தவிர, உங்கள் வீட்டில் அது எதன் இடத்துக்கும் வரவில்லை. கூடுதலாக வந்து உட்கார்ந்துகொண்டது.

உடன் பணிபுரியும் ஆசிரியை சொல்வதில் ஓரளவு பொருள் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தில் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சாக்கரின், அசிசல்ஃபேம் பொட்டாசியம் ஆகியவற்றோடு, செடியிலிருந்து எடுக்கப்படுவதால் பலர் தனி மரியாதை கொடுக்கும் ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்தப் பரிந்துரை, இனிப்பூட்டி கொழுப்பை உண்டாக்குகிறது என்று மெய்ப்பிக்கப்பட்டதால் வந்ததன்று. குறுகிய காலச் சோதனைகளில் சர்க்கரைக்குப் பதிலாக இவற்றைக் கொடுத்தபோது எடை சற்றே குறைந்தது. பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலோ இவற்றை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் உடற்பருமனும் நீரிழிவும் மிகுதியாகக் காணப்பட்டன. இந்த இரண்டாம் வகை ஆய்வை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களிடையே பார்வைக் குறைவு மிகுதி என்பதால் கண்ணாடிதான் பார்வையைக் கெடுத்தது என்று ஆகிவிடாது. ஏற்கெனவே எடை கூடியவர்கள்தாம் டயட் பானத்தைத் தேடி வாங்குகிறார்கள். அமைப்பும் இந்த ஐயத்தை ஒப்புக்கொண்டு, தன் பரிந்துரையை நிபந்தனைக்குட்பட்டது என்றே குறித்திருக்கிறது.

நெதர்லாந்தில் 641 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். வழக்கமாகச் சர்க்கரைப் பானம் குடித்துவந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அதே பானத்தையும், மற்றவர்களுக்கு இனிப்பூட்டி கலந்ததையும், எது எவருக்கு என்று தெரியாமல் நாளுக்கு 250 மில்லி லிட்டர் வீதம் 18 மாதங்கள் கொடுத்தார்கள். வளரும் பிள்ளைகளாதலால் இரு சாராருக்கும் எடை கூடியது. இனிப்பூட்டிக் குழுவினருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ குறைவாகக் கூடியது. தினசரிச் சர்க்கரை உண்மையாகவே விலகியதால் கிடைத்த ஒரு கிலோ அது.

கணவரின் அச்சத்துக்கு வருவோம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2023 ஜூலையில் அஸ்பார்டேமைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவாக உள்ள பொருள்களுக்கான பிரிவு அது. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். இரண்டு டின்னுக்காக உங்கள் கணவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள காஃபீன் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதால் இரவு டின்னை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன்.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு: 100 கிராம் சர்க்கரையில் 400 கிலோகலோரி என்றால் வெல்லத்தில் 380 அளவில் இருக்கிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு, இரண்டும் ஒரே கரும்பின் சாறு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மணத்துக்காக வெல்லம் போடலாம், எடைக்காகப் போட முடியாது.

தேநீரில் கை வையுங்கள். இரண்டு கரண்டியை முதல் பத்து நாள்களுக்கு ஒன்றரையாகவும், பிறகு ஒன்றாகவும், பிறகு அரையாகவும் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். கடையில் குடிப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. தருமபுரிப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்க் கடையருகே நின்று கவனித்தேன்: மாஸ்டர் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று பார்க்காமலேயே எல்லாவற்றிலும் சர்க்கரையைத் தட்டிவிட்டு, அதன் பிறகுதான் பாலையும் டிக்காஷனையும் ஊற்றுகிறார். 'சர்க்கரை கம்மி' என்று நாம் வாய் திறக்கும்போது அது ஏற்கெனவே அடியில் கிடக்கிறது. ஆற்றிவிட்டால் அதோடு முடிந்தது. காசு நீட்டும்போதே சொல்லிவிடுவது நல்லது.

மாலையில் தாகத்துக்கு நீர்மோரோ வெறும் தண்ணீரோ போதும். தண்ணீர் என்று எழுதும்போது தருமபுரி வாசகர்களுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: உங்கள் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறு பலவற்றில் ஃப்ளூரைடு மிகுதி, கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அதற்காகவே கொண்டுவரப்பட்டது; குடிப்பதற்கு அதையே பிடித்து வையுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த ஊர் என்பதால், வீட்டில் கோலாவை விட்டுவிட்டு மாம்பழப் பானத்துக்கு மாறிவிட்டோம். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று அட்டையில் போட்டிருக்கிறது. எடை குறைப்போர் குடிக்கலாமா?

பதில்: 'சேர்க்கப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் வேறு வேறு. பெங்களூரா மாங்கூழில் பழத்துக்கே உரிய சர்க்கரை இருக்கிறது. பிழிந்து சாறாக்கியபின் அதையும் உலக சுகாதார அமைப்பு, குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கிலேயே சேர்க்கிறது. அட்டையின் முகப்பைவிட முதுகைப் படியுங்கள். அங்கே இனிப்பூட்டியை எண்ணால் குறித்திருப்பார்கள்: 950 என்று கண்டால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. இந்த எண்ணும் சர்க்கரையும் ஒரே பட்டியலில் சேர்ந்து நிற்கும் பானங்களும் உண்டு; அவற்றை வாங்குவோர் இரண்டையும் குடிக்கிறார்கள். பருவத்தில் ஒரு மாம்பழத்தை நாரோடு கடித்துத் தின்பது எடை குறைப்பவருக்கும் ஆகும். நான்கு பழத்தைக் குவளையில் ஊற்றி இரண்டு மடக்கில் முடிப்பதுதான் ஆகாது.

கேள்வி: பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு நீரிழிவு. தேநீர் கொதிக்கும்போதே இனிப்பு மாத்திரையைப் போட்டுவிடுகிறோம். இனிப்பே தெரியவில்லை என்று இன்னொன்றும் கேட்கிறார். இதைக் கொடுக்கவே கூடாது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: மாத்திரையில் அஸ்பார்டேம் இருந்தால் கொதியில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும், அப்பாவின் நாக்கில் பழுதில்லை. இறக்கி வைத்து, குவளையில் ஊற்றியபின் போடுங்கள். சுக்ரலோஸ் சூட்டை ஓரளவு தாங்கும். மேலே குறிப்பிட்ட 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பதை உலக சுகாதார அமைப்பே தெளிவாக எழுதியிருக்கிறது. சென்னையில் நீரிழிவு உள்ள 179 பேரிடம், காப்பி, தேநீரில் போடும் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸைக் கொடுத்து 12 வாரங்கள் நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வெளியானது: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, எடை சராசரியாக 300 கிராம் அளவுக்குக் குறைந்தது. ஆகவே அளவோடு கொடுக்கலாம். பொட்டலத்தில் வரும் தூளாக இருந்தால், உள்ளே நிரப்பியாக, இரத்தச் சர்க்கரையை ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரை இனிப்புக்கானதே தவிர மருந்தன்று என்பதால், மருத்துவர் எழுதிக்கொடுத்ததை வழக்கம்போல் தொடரட்டும்.