தினமும் போய் நின்றால் வீடு சீக்கிரம் முடியுமா?

கேள்வி: அக்கா, ஹொரமாவில் 30க்கு 40 மனை வாங்கி, எங்கள் இஷ்டப்படி பிளான் போட்டு கீழும் மாடியுமாக வீடு கட்டுகிறோம். கான்கிரீட் வேலை மளமளவென்று ஏறியது. அதற்கப்புறம் நாலு மாதமாக எதுவுமே நகராத மாதிரி இருக்கிறது. கீழே டைல்ஸ் பாதியில் நிற்கிறது, மாடியில் இப்போதுதான் பூச்சு முடிந்தது. அல்சூரில் வாடகை ஒரு பக்கம், வங்கித் தவணை ஒரு பக்கம். தினமும் மத்தியானம் போய் நிற்கிறேன். என்னைக் கண்டாலே மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். "நீ போய் நிற்பதால்தான் வேலை கெடுகிறது" என்கிறார் கணவர். தையில் கிரகப்பிரவேசம். நான் போவது தப்பா?
(பெயர் வேண்டாம், பெங்களூரு)

பதில்: போவது தப்பே இல்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் போய் நின்று "எப்போ முடியும், எப்போ முடியும்" என்று கேட்டால் "நாளே ஆகுத்தே மேடம்" (நாளைக்கே ஆகிவிடும்) என்றுதான் கன்னடத்தில் பதில் வரும். பெங்களூரில் அந்த "நாளே"க்கு எத்தனை நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

முதலில் ஒன்று. வேலை நகராத மாதிரித் தெரிவது உங்கள் கண்ணின் குற்றமில்லை. தளம் போட்ட அன்று முப்பது பேர் வந்து, மிக்சர் ஓடி, சாயங்காலத்துக்குள் தலைக்கு மேல் கூரை வந்துவிட்டது. இப்போது பாத்ரூமுக்குள் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் அவருக்குக் கலவை எடுத்துத் தருவார், அவ்வளவுதான் அன்றைய வேலை. போதாக்குறைக்கு இது ஐப்பசி மழை. ஈரம் காய்ந்தால்தான் அடுத்த ஆள் உள்ளே வர முடியும், அதை விரட்ட உங்களாலும் முடியாது மேஸ்திரியாலும் முடியாது.

நான் விரட்டினேன். என் வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாடி பாத்ரூம் மட்டும் பாக்கி. "தண்ணி நிறுத்திப் பார்க்கணும்மா, ரெண்டு நாள் ஆகும்" என்று மேஸ்திரி சொன்னார், "அதெல்லாம் வேண்டாம், டைல்ஸை ஒட்டுங்க" என்று சொன்ன மகராசி நானேதான். ஆறாவது மாதம் கீழே ஹால் சீலிங்கில் சப்பாத்தி அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், மறுமாதம் தோசை அளவு. கடைசியில் பாத்ரூம் தரையை முழுக்க உடைத்துத் திரும்பப் போட்டோம். அந்த டைல்ஸ் அதே ஷேடில் கிடைக்கவில்லை, அதனால் இன்றைக்கும் என் பாத்ரூம் தரை ஒரு நிறம், சுவர் ஒரு நிறம். (இதற்காகவே ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டி அதிகம் வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டு வையுங்கள். பெட்டியில் பேட்ச் நம்பர் இருக்கும், எல்லாம் ஒரே நம்பரா என்று பார்த்து இறக்குங்கள்.)

அதனால்தான் சொல்கிறேன், தினமும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். எது மூடப்படப் போகிறதோ, மூடுவதற்கு முந்தைய நாள் அதைப் பாருங்கள். பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃபிங் பூசி அது காய்ந்ததும், வடிகால் வாயைத் துணிவைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவிட்டு வாருங்கள். 24 மணி நேரம் கட்டாயம், 48 என்றால் நிம்மதி. மறுநாள் கீழ்த்தளத்தில் நின்று சீலிங்கைப் பாருங்கள், குழாய் இறங்கும் மூலையைக் கையால் தடவியும் பாருங்கள். டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று காலிச் சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை, அதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். தரையின் வாட்டத்தைப் பார்க்க ரசமட்டம்கூட வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணீரை வடிகாலுக்கு எதிர் மூலையில் ஊற்றினால் அது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். நாலடி நீளத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு இருந்தால் போதும். வாசல் பக்கம் வந்தால் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாடிச் சுவருக்கு வருகிறேன். பூச்சு முடிந்து ஒரு வாரமாவது தண்ணீர் காட்டி, அப்புறம் காயவிட்டு, மொத்தம் 28 நாளாவது போன பிறகுதான் பட்டியும் (சுவரை வழவழப்பாக்கும் புட்டி) பிரைமரும். மழைக்காலத்தில் அதுவும் போதாமல் போகலாம். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் பெயின்டரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும். பட்டி தேய்த்து முடித்த அன்று மட்டும் மத்தியானம் போகாதீர்கள், இருட்டின பிறகு டார்ச்சோடு போங்கள். சுவரை ஒட்டினாற்போல் வெளிச்சத்தைப் பிடித்தால் பகலில் கண்ணாடி மாதிரி இருந்த சுவர் வயல்வரப்பு மாதிரி தெரியும்.

மேஸ்திரி விஷயம். அவரைச் சொல்லி என்ன, நாலு மாதமாக ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் எனக்கும் முகம் அப்படித்தான் போகும். வேலையாளிடம் நேராக எதையும் சொல்லாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி, சனிக்கிழமை காண்ட்ராக்டரும் மேஸ்திரியும் சேர்ந்து இருக்கும்போது ஒரே தடவையாகச் சொல்லுங்கள். இன்னொன்று, நீங்கள் சுவிட்ச்போர்டு இங்கே என்று சொல்லிவிட்டு வர, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் போய் அங்கே என்று சொல்லிவிட்டு வந்தால், பூசிய சுவரைக் கொத்தத்தான் வேண்டும். வேலை கெடுவது நீங்கள் நிற்பதால் என்று அவர் சொல்கிறார், இரண்டு வாய் பேசுவதால் என்று நான் சொல்கிறேன். யாராவது ஒருவர் மட்டும் பேசுங்கள், தினமும் போகிறவர் என்ற முறையில் அது நீங்களாகவே இருக்கட்டும், என் சார்பாகவும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

காண்ட்ராக்டருக்குத் தர வேண்டிய மொத்தப் பணத்தில் ஐந்து சதவீதமாவது கடைசித் தவணையாகக் கையில் வைத்திருங்கள், நோட்டில் உள்ளதெல்லாம் அடித்த பிறகு கொடுக்கலாம். பெஸ்காம் நிரந்தர மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு இரண்டுக்கும் என்னென்ன காகிதம் என்று இப்போதே கேளுங்கள். 1200 சதுர அடி மனையில் புது வீடு என்றால் பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அந்தக் குழியைத் தோண்டாமலேயே முன்பக்கம் கல் பதித்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

தைக்குள் எல்லாம் முடியுமா? முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளை மாற்ற வேண்டாம். சமையலறை, பூஜை அறை, ஒரு பாத்ரூம், நிலைவாசல், இவ்வளவும் தயாரானால் பால் காய்ச்சிவிடலாம், குடிபோவது மாசியிலோ பங்குனியிலோ இருக்கட்டும். வாடகை இரண்டு மாதம் கூடும்தான், ஆனால் பாத்ரூமை உடைத்துப் போட எனக்கு ஆனது அதைவிட அதிகம். ஹாலுக்குக் கடைசிக் கோட் பெயின்டை எப்படியும் ஹோமம் முடிந்த பிறகுதான் அடிக்கச் சொல்ல வேண்டும், புகை சீலிங்கில் ஏறினால் துடைத்தாலும் போகாது. அப்புறம், பசுமாட்டை உள்ளே அழைக்கிற வழக்கம் உண்டென்றால் வாசலிலிருந்து ஹால் வரை ஈரச்சாக்கு விரித்து வையுங்கள், புது டைல்ஸில் அதற்குக் குளம்பு வழுக்கும்.