தேர்தலில் வேட்பாளர்கள் சமூக ஊடகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அதனால் ஓட்டு விழுமா?

பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோக்கள்தான் பிழைப்பு. தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் பிரச்சார வீடியோ எடிட்டிங்கும் வரும். ஒரு கட்சிக்கு மட்டும் என்றில்லை, கூப்பிடுகிறவர்களுக்குச் செய்து கொடுப்பேன். அந்த வேலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஊரே பார்க்கிற பிரச்சாரம் ஒன்று, ஓட்டைத் தொடுகிற பிரச்சாரம் இன்னொன்று.

ஊரே பார்ப்பது பேஸ்புக் லைவ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப். வேட்பாளர் திறந்த ஜீப்பில் வருவார், மேலே ட்ரோன் சுற்றும், பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். அதை அரை நிமிடத்துக்கு வெட்டி, பாட்டு ஏற்றி, அன்று இரவே கொடுத்தாக வேண்டும். லைக் எண்ணிக்கையை எல்லோரும் கேட்பார்கள். லைக் போட்டவருக்கு இந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிறதா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. கட்சித் தலைமை கண்ணில் படவேண்டும், சொந்தக் கட்சிக்காரர்கள் சோர்ந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்காகத்தான் இவ்வளவும்.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் பாமகவின் 'மாற்றம், முன்னேற்றம், அன்புமணி' பிரச்சாரம் மொபைலைத் திறந்தாலே கண்ணில் படும். முதல்வர் வேட்பாளரான அன்புமணி நின்றது பென்னாகரத்தில். திமுகவின் இன்பசேகரனிடம் 18 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் முன்புதான், 2014-ல், இதே தருமபுரி அவரை எம்.பி. ஆக்கியிருந்தது. 2016-ல் கூட்டணி இல்லாமல் தனியாக நின்றதும் பெரிய காரணம், மறுக்கவில்லை. இணையத்தில் அவ்வளவு தெரிந்தும் அந்தக் குறையை அது ஈடுகட்டவில்லை.

ஓட்டைத் தொடுவது வாட்ஸ்அப்தான். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும், ஒரு குரூப் இருக்கும். பூத் கமிட்டி ஆள்தான் அட்மின். அவர் ஏற்கெனவே ஊர் குரூப், பழைய மாணவர் குரூப், சாதிச் சங்க குரூப் எல்லாவற்றிலும் இருப்பார். மாலையில் நாங்கள் அனுப்பும் வீடியோ, ராத்திரி சாப்பாட்டுக்குள் அத்தனை குரூப்பிலும் போய்ச் சேர்ந்துவிடும்.

அதிலும் முக்கியமானது வெளியூர்க்காரர்கள் குரூப். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆட்கள் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். பட்டியலில் பேர் இங்கே இருக்கும். அவர்களுக்கு ரீல்ஸ் அனுப்பிப் பயனில்லை. கிளைச் செயலாளர் தன் குரலிலேயே பேசி அனுப்புவார்: "மச்சான், முந்தின நாள் ராத்திரியே பஸ் ஏறிடு. உன் ஒரு ஓட்டு, உங்க வீட்ல நாலு ஓட்டு." அந்தக் குரலுக்கு இருக்கிற மதிப்பு எந்த ட்ரோன் ஷாட்டுக்கும் கிடையாது. கூப்பிடுகிறவன் சொந்தக்காரன், நாளைக்கு விசேஷத்தில் முகம் பார்க்க வேண்டியவன்.

வீடியோவையும் ஒரே மாதிரி எல்லோருக்கும் கொடுப்பதில்லை. எங்கள் பக்கம் தக்காளி விலை, பென்னாகரம் பக்கம் ஒகேனக்கல் தண்ணீர், கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் விலை என்று முதல் பத்து விநாடியை மாற்றி மாற்றி வைப்போம். ஓசூர், தளி, வேப்பனஹள்ளி என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் தனியாகக் குரல் பதிவு செய்ய வேண்டும். இதை நான் நல்லது என்றே நினைக்கிறேன். எந்த ஊரில் என்ன குறை என்று வேட்பாளர் ஒரு தடவையாவது கேட்டறிந்து பேச வேண்டியிருக்கிறது. பெரிய கூட்டம் போட வசதியில்லாத சுயேச்சையும் தன் பேச்சை ஜனங்களிடம் கொண்டுபோக முடிகிறது.

எனக்குக் கவலையெல்லாம் கடைசி இரண்டு நாளைப் பற்றித்தான். ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் ஓய வேண்டும். மைக் ஓய்ந்துவிடுகிறது, வாட்ஸ்அப் ஓய்வதில்லை. யார் தயாரித்தது என்று பெயரே இல்லாத வீடியோக்கள் அப்போதுதான் இறங்கும். எதிரணி வேட்பாளர் பேசியதை நடுவில் வெட்டி ஒட்டித் தரச் சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதில்லை. இப்போது அதற்கு ஸ்டுடியோவே தேவையில்லை, மொபைலில் குரலையே உருவாக்கிவிடுகிறார்கள். போலி வீடியோ தங்கள் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொன்னது 2024 மே மாதம். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ந் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்திருந்தது. மூன்று மணி நேரம் என்பதும் ஒரு ஒன்றியம் முழுக்கப் பரவப் போதுமான நேரம்தான்.

விதி இல்லாமல் இல்லை. 2013-லேயே ஆணையம் சொல்லிவிட்டது: இணையத்தில் தரும் விளம்பரத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். இணைய நிறுவனத்துக்குக் கட்டும் பணம், வீடியோ தயாரிப்புச் செலவு, சமூக ஊடகக் கணக்கைக் கவனிக்கும் ஆட்களின் சம்பளம் எல்லாம் வேட்பாளரின் செலவுக் கணக்கில் வர வேண்டும். சட்டமன்றத்துக்கு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம் என்பது 2022-ல் வைத்த உச்சவரம்பு. என்னிடம் ஒழுங்காக பில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு, பில்லே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஒருவர் தன் சொந்தக் கணக்கில் போடும் பதிவு விளம்பரமாகாது என்பதால் அதற்கு முன் அனுமதி தேவையில்லை. 'ஆதரவாளர்' என்ற பெயரில் நடப்பதெல்லாம் இந்த வழியாகத்தான் நுழைகிறது.

"ஒரு ஃபார்வர்டால் என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்கு 2021 கிருஷ்ணகிரி முடிவைத்தான் சொல்வேன். வித்தியாசம் 794 ஓட்டு. பல இடங்களில் ஒரே வாக்குச்சாவடியின் வாக்காளர்களே அதைவிட அதிகம்.

அதனால் சந்தேகமான வீடியோ வந்தால் முதலில் வேட்பாளரின் உண்மையான கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மனுத் தாக்கலின்போது கொடுக்கும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் தன் சமூக ஊடகக் கணக்குகளை அவர் எழுதித்தர வேண்டும், அது ஆணையத்தின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். பணம், பரிசுப் பொருள் கொடுப்பதை நேரில் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமெடுத்து அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. அதற்குள்ளேயே எடுக்கும் படத்தைத்தான் அது ஏற்கும், வாட்ஸ்அப்பில் வந்ததை ஏற்றமுடியாது. ஃபார்வர்டாக வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பிய நேரமும் சேர்த்து, மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது கலெக்டர் ஆபீசுக்கு, எழுத்தில் கொடுங்கள். வாக்காளர் உதவி எண்ணான 1950-க்கும் போன் செய்யலாம்.