ஹெவி லைசன்ஸுக்குப் பயிற்சிப் பள்ளியா, கிளீனர் சீட்டா?

கேள்வி: தர்மபுரிப் பக்கம் ஊர். கார் லைசன்ஸ் இருக்கிறது. லாரி ஓட்டப் பள்ளியில் பணம் கட்டுவதா, தெரிந்த டிரைவருடன் கிளீனராக ஏறிக் கற்றுக்கொள்வதா?

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். கார் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், 20 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழும் வேண்டும். ஆகவே பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. அங்கே எது வரும், ரோட்டில்தான் எது வரும் என்று பிரித்துப் பாருங்கள்.

பள்ளி லாரி காலி லாரி. ஓடுவதும் பெரும்பாலும் சமதளத்தில். கண்ணாடி பார்ப்பது, ரிவர்ஸ், திருப்பத்தில் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வருவது இதெல்லாம் அங்கேதான் ஒழுங்காகப் படியும். கிளீனராக இருந்து கற்றவர்கள் பலருக்கு ரிவர்ஸ் வரும், ஆனால் ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் நம்புவார்கள். அந்தப் பழக்கம் பிறகு போகாது.

பள்ளியில் கிடைக்காதது எடை. பத்துச் சக்கர லாரி காலியாக 9, 10 டன் இருக்கும். லோடோடு 28.5 டன் வரை அனுமதி. அதே வேகத்தில் நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. இது கையில் தெரியும் இடம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம் டோல்கேட் தாண்டியதும் இறக்கம், அதில் வளைவுகள். எடையை மறந்தவன் மாட்டுவது அங்கேதான்.

ரோடு தவறாகக் கற்றுக்கொடுப்பதும் அங்கேதான். “இறக்கத்துல நியூட்ரல் போடு, டீசல் மிச்சம்” என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்லும் பாடம். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் இன்றைய சிஆர்டிஐ இன்ஜினில் அது பொய். கியர் விழுந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அறவே நிற்கும். நியூட்ரலில் ஐடில் ஓடவாவது டீசல் போகும். அதைவிடப் பெரிய கெடுதல், இன்ஜின் பிடிப்பு போய்விடும், புகை போகும் வழியை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் செத்துவிடும், பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் மெதுவாகச் சுற்றும். பெடலை அடிக்க அடிக்க ஏர் இறங்கும், ஏறாது. ஏர் மீட்டர் முள் சுமார் 5 பாருக்குக் கீழே வந்தால் பஸ்ஸர் கத்தும். இன்னும் இறங்கினால், ஏர் இல்லாதபோது ஸ்பிரிங் விசையில் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், வளைவில் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

சரியான முறை இது. இறக்கம் தொடங்கும் முன், மேலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்பார்கள். பழைய வண்டிக்கு அது சரி, புதிய வண்டிக்கு அதிலிருந்து இன்னும் ஒன்று குறைப்பது நல்லது. பாதி இறக்கத்தில் மாற்றப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு ஆர்பிஎம்மைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே உயரமாக வைத்திருங்கள், குறைந்த ஆர்பிஎம்மில் அதற்கு வலு இல்லை. 30ல் இறங்குவதாக முடிவு செய்தால், 30ஐத் தொட்டதும் அழுத்தமாகப் பிடித்து 20க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைச் சுட வைக்கிறது.

சூடேறினால் டிரம் விரியும், உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங் அதை எட்ட அதிக தூரம் நகர வேண்டும். காரில் பெடல் மெத்தென்று உள்ளே போய் எச்சரிக்கும். ஏர் பிரேக்கில் காலுக்கு ஒன்றும் தெரியாது, பெடல் அப்படியேதான் இருக்கும். முன்பு பிடித்த அளவுக்குப் பிடிக்க இப்போது அதிகம் மிதிக்க வேண்டியிருக்கிறதா என்பதுதான் அடையாளம். லைனிங் கருகும் வாசனை வந்துவிட்டால் தாமதம்தான்.

கீழே வந்து ஓரங்கட்டியதும் ஒவ்வொரு டிரம் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். எல்லாம் கொதித்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தச் சக்கரம் பிடிக்கவே இல்லை, அதன் வேலையையும் மற்றவை செய்திருக்கின்றன. லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைப் பார்க்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தானாக ஆற விடுங்கள்.

லோடும் பள்ளியில் வராத பாடம். கிரானைட் கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். ஏழு கன மீட்டர் பிளாக் ஒன்றே முழு லோடு. செயின் தளர்ந்தால் பிரேக் போடும்போது கேபினை நோக்கி வரும், 20, 30 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாங்காய்ப் பெட்டிகள் உயர லோடு, வளைவில் சாயும். பாதி நிறைந்த டேங்கர் நின்ற பிறகும் முன்னே தள்ளும்.

ஆகவே பள்ளியை முடித்துச் சான்றிதழ் வாங்கி, லைசன்ஸ் கைக்கு வந்ததும் ஆறு மாதமாவது நல்ல டிரைவரோடு ஏறுங்கள் தம்பி. லைசன்ஸுக்கு முன்னால் “கொஞ்ச தூரம் ஓட்டு” என்று யார் கொடுத்தாலும் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். ஏறும் முன் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், தொப்பூரை எந்த கியரில் இறங்குவீர்கள் என்று. நியூட்ரல் என்று சிரித்தால் வேறு லாரி பாருங்கள்.