உள்ளாடை பிராண்டுகள் பேக்கிங்கை வைத்து வாடிக்கையாளர்களைப் பிடிப்பது உண்மையா?

உண்மைதான். ஆனால் கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் "வெறும் அட்டைப்பெட்டிக்கா பெண்கள் காசு கொடுக்கிறார்கள்?" என்ற வரிதான் என்னை எழுத வைத்தது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் இன்னர்ஸ் கவுண்டரில் பல வருடம் நின்றவள் நான். நீங்கள் திருப்பூரில் சரக்கு எடுத்துச் சொந்தப் பெயரில் விற்கப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால், பெட்டி இல்லாத காலத்தில் எப்படி விற்றோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

டஜன் டஜனாகக் கட்டி வரும் பீஸ்களைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருப்போம். வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பக்கத்திலேயே கல்லாவில் ஆம்பளைங்க. பின்னால் மாமியார். பெண்கள் குரலைத் தாழ்த்தி ஏதோ ஒரு நம்பரைச் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அப்புறம் பெட்டியில் வரும் பிராண்டுகளை எடுக்க ஆரம்பித்தோம். இடத்தை அடைக்கிறது, பெட்டியைத் தூக்கிப் போடு என்றார் முதலாளி. நான் கேட்கவில்லை. நைட்டி தொங்கும் பக்கத்தில், கைக்கு எட்டும் ரேக்கில் சைஸ் வாரியாக அடுக்கினேன். நைட்டி பார்க்க வந்தவர்கள் பெட்டியைத் திருப்பிப் படித்து, யாரிடமும் பேசாமல் எடுத்துக்கொண்டு நேரே பில் போட வந்தார்கள். இன்னொரு ரேக் போடச் சொன்னதும் அதே முதலாளிதான். பேக்கிங் செய்யும் முதல் வேலை இதுதான் என்பேன். கேட்கக் கூச்சப்படுகிறவளுக்குப் பதிலாக அது பேசுகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா பிரா வாங்க வந்தால் எப்போதும் "36 குடு கண்ணு" என்பார். தோளில் ஸ்ட்ராப் பதிந்து தழும்பாகியிருந்தது. ஒருநாள் பெட்டியின் பின்பக்க அட்டவணையைக் காட்டினேன். 34 என்றால் மார்புக்குக் கீழே 34 இன்ச் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 34B பக்கத்திலேயே 75B என்று போட்டிருக்கும். அந்த 75 சென்டிமீட்டர்தான் கீழ்ச்சுற்றளவு, கிட்டத்தட்ட இருபத்தொன்பதரை இன்ச். அதற்கும் மார்புச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப், அதைத்தான் B என்ற எழுத்து சொல்கிறது. டேப் வைத்து அளந்தால் அக்காவுக்குத் தேவை கீழ்ச்சுற்றுப் பட்டி சின்னது, கப் பெரியது. "இத்தினி வருசமா எவளும் சொல்லலியே கண்ணு" என்றார். அந்த அட்டவணை அச்சடித்த பெட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அது வீண் செலவா?

இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று யாராவது கமெண்டில் வருவார்கள். உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுவிட்டு வாருங்கள். நான் எந்த கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்லை. பளபள பெட்டிக்குள் மட்டமான எலாஸ்டிக்கை வைத்து விற்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அது ஒரு தடவைதான் விற்கும். எங்கள் ஏரியாவில் ஒரு அக்கா வாயைத் திறந்தால் அந்தத் தெருவே வராது. மாடல் படம் பெரிதாகப் போட்ட பெட்டியும் ஆன்லைனில் எடுபடலாம், குடும்பத்தோடு வருகிறவர்கள் தொடுவதில்லை. ஆன்லைனிலும் வீட்டுக்கு வருவது உள்ளே என்ன என்றே தெரியாத சாதாரணப் பெட்டிதானே.

பெட்டி அடுக்கியே என் காலில் நரம்பு சுருண்டுகொண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் கடைக்கு ஒரே ஒரு ஸ்டூல் வந்தது. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பில் புக்தான் இருந்தது. கேட்டதற்கு, உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். நாள் முழுக்க நின்று பார்த்தால்தான் அந்த வலி தெரியும்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன். சைஸை முன்பக்கம் மட்டும் போடாதீர்கள். அடுக்கிய பிறகு வெளியே தெரிவது குறுகிய பக்கம்தான், அங்கே பெரிய எழுத்தில் போடுங்கள். என் கைக்கு வந்த பெட்டிகளில் அட்டவணை பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலத்தில்தான் இருந்தது. அந்த மீன்கார அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நீங்கள் தமிழிலும் போடுங்கள்.