மலை ஏன் வரப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது?

கேள்வி: செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையை ஊர்ப்பக்கத்து வயலிலிருந்து பார்ப்பதுபோல பென்சிலில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ தட்டையாகத் தெரிகிறது. அடுத்து வாட்டர்கலர் அடிக்கப் போகிறேன். ஆழம் வருவதற்கு எந்த நீலம் வாங்கலாம்?
- ஒரு வாசகர், செஞ்சி

பதில்: எந்த நீலமும் வேண்டாம். இப்போதைக்கு பெயின்ட் டப்பாவையே திறக்காதீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் சொல்கிறார்கள்.

படத்தை அலமாரியில் சாய்த்து வைத்து, நாலடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்தேன். மலையின் விளிம்பு, தென்னை, காலடியில் இருக்கும் வரப்பு எல்லாமே ஒரே 4பி பென்சில் (மெத்தென்று கருப்பாக விழும் ரகம்), ஒரே அழுத்தம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பாறையை, கைக்கெட்டும் புல்லுக்குச் சமமான கருப்பில் போட்டால் அது எழுந்து வந்து வரப்பில் உட்கார்ந்துகொள்ளாமல் என்ன செய்யும்? போதாததற்கு, நடுத்தென்னையின் உச்சி மிகச் சரியாக ராஜகிரியின் உச்சியைத் தொடுகிறது. தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தென்னை மலையை மறைத்துக்கொண்டு மேலே போகட்டும், இல்லையென்றால் நன்றாகக் கீழேயே நிற்கட்டும். ஒன்று இன்னொன்றை மறைக்கும்போதுதான் எது முன்னால், எது பின்னால் என்று தெரியும். உங்கள் படத்தில் எதுவும் எதையும் மறைக்கவில்லை. குரூப் போட்டோவுக்கு நின்ற மாதிரி எல்லோரும் முகம் காட்டுகிறார்கள்.

மின்கம்பங்களுக்கு வருவோம். உங்களைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். ஐந்து கம்பம் போட்டிருக்கிறீர்கள். தூரத்துக் கம்பம் சின்னதாக வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, நல்லது. ஆனால் ஐந்தின் அடியும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அப்படியென்றால் கடைசியில் நிற்பது தூரத்துக் கம்பமே இல்லை, பக்கத்தில் நட்ட குட்டைக் கம்பம். கணக்கு இதுதான்: சமதரையில் நிற்கிறீர்கள், உங்கள் கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது. கம்பம் 25 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் மட்டத்தில் இருக்கும் தொடுவானக் கோடு ஒவ்வொரு கம்பத்தையும் அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் வெட்டும். கிட்டத்துக் கம்பமானாலும் சரி, கடைசிக் கம்பமானாலும் சரி, அதே ஐந்தில் ஒன்று. அதனால் தூரம் போகப் போக அடி மேலே ஏறும், தலை கீழே இறங்கும், இடைவெளியும் சுருங்கும். நீங்கள் ஸ்கேல் வைத்துச் சமமாக விட்டிருக்கிறீர்கள். மலை மறைத்திருந்தாலும் அந்தத் தொடுவானக் கோட்டை லேசாகப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். வரப்பில் உட்கார்ந்து வரைந்தால் கண் 3 அடிக்கு வந்துவிடும், அப்போது கோடு வெட்டும் இடம் ஏறக்குறைய எட்டில் ஒன்று. இதைச் சரிசெய்தாலே வயல் தரையில் படுத்துவிடும். இப்போது சுவர் மாதிரி நிற்கிறது.

மொபைலில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். மொபைல் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், தூரத்து மலையைச் சுருக்கிவிடும். சுமார் 800 அடி மலை உங்கள் பம்ப்செட் கொட்டகையைவிடச் சின்னதாக இருக்கிறது! நேரில் போங்கள். நேரமும் முக்கியம். ஊரிலிருந்து கோட்டை மேற்கே இருக்கிறது. விடிகாலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கும், பாறையில் நிழலே விழாது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், மலை முழுக்க ஒரே நிழல். மார்கழி, தை மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் போனால் வெயில் இடப்பக்கமாக, தெற்கிலிருந்து சாய்ந்து விழும். ஒவ்வொரு உருண்டைப் பாறைக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம் கிடைக்கும்.

கையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். அப்புறம் அதே அளவில் ஆறு கட்டம் போட்டு ஆறு விதமாக வரையுங்கள். வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றே நிறம். ஒன்றில் வானத்துக்கு முக்கால் பங்கு கொடுங்கள், ஒன்றில் வயலுக்கு. பாதிக்குப் பாதி பிரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், இப்போது இருப்பது அதுதான். தீப்பெட்டிக்குள் மாட்டின் கொம்பை வரைய முடியாது என்பதுதான் இதில் வசதி.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. கொட்டகை, வைக்கோல்போர், இரண்டு மாடு, மூன்று கொக்கு என்று வயலில் இருந்த எல்லாவற்றையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிள், 1821இல் காட்சிக்கு வைத்த ‘தி ஹே வெய்ன்’ ஓவியத்துக்கு முன்னால், அதே ஆறடி அகலத்தில் ஒரு முழு மாதிரியையே தீட்டிப் பார்த்தார். அந்த மாதிரியில் கரையோரம் ஒரு குதிரை உண்டு. அசல் ஓவியத்தில் அந்த இடத்தில் ஒரு பீப்பாயைப் போட்டுப் பார்த்து, கடைசியில் அதையும் பூசி மறைத்துவிட்டார். உங்கள் கொக்குகள் மூன்றில் இரண்டைப் பறக்க விடலாம். ஒரு மாட்டையும் வீட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.

சரி, நீலம் கேட்டீர்கள். மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்தால் நீலகிரி நீலம், ஏறிப் போனால் பச்சை. இடையில் இருக்கும் காற்று செய்யும் வேலை அது. அதே காற்றுதான் தூரத்துக் கருப்பை வெளிறச் செய்கிறது, ஓரங்களை மழுக்குகிறது. இந்த இரண்டையும் பென்சிலிலேயே காட்டிவிடலாம்: மலைக்கு வெளிறலாக விழும் 2எச், நடு வயலுக்கு நடுத்தரமான எச்பி, முன்னால் இருப்பதற்கு மட்டும் 4பி. பென்சிலில் பின்னால் போகாத மலை நீலம் அடித்தாலும் போகாது, நீல மலையாக அதே வரப்பில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: இந்தப் படத்தின் மேலேயே வண்ணம் அடிக்காதீர்கள். 4பி கரி பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வானத்தையும் அழுக்காக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, நல்ல தாளில் எச்பியில் மெல்லிய கோடாகப் பிரதி எடுங்கள். ஆனால் அது பிறகு. முதலில் அந்த ஆறு தீப்பெட்டிகளையும் அனுப்புங்கள்.