ஒரே முனையில் ஐந்து கலங்கரை விளக்கங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ஆளரவம் குறைந்த டஞ்சனெஸ் முனையில், அடுத்தடுத்து ஐந்து கலங்கரை விளக்கங்கள் கட்டப்பட்டதாகப் படித்தேன். முந்தையவை புயலில் இடிந்து விழுந்தனவா? அங்கே மக்கள் வசிக்கிறார்களா?

பதில்: புயல் காரணமன்று, அங்கே கரையே இடம் மாறுகிறது. டஞ்சனெஸ் முழுவதும் கூழாங்கற்களால் ஆன நிலம். தென்மேற்கிலிருந்து வரும் அலைகள் மேற்குப் பக்கத்துக் கற்களை அரித்துச் சென்று கிழக்குப் பக்கத்தில் சேர்ப்பதால், முனை கிழக்கு நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. 1615இல் நிலக்கரித் தீயுடன் எழுந்த மரக் கோபுரம் சில ஆண்டுகளிலேயே நீர்விளிம்பிலிருந்து தள்ளிப்போய்விட, 1635இல் இரண்டாவது கட்டப்பட்டது. அதையும் கடல் விட்டு விலகியபின், 1792இல் சாமுவேல் வயட் வடிவமைத்த மூன்றாவது கோபுரம் வந்தது. 1862இல் அதில் மின்வில் விளக்கை ஏற்றிப் பார்த்தார்கள். உலகில் மின்னொளி பெற்ற தொடக்ககாலக் கலங்கரை விளக்கங்களுள் அது ஒன்று என்றாலும், பின்னர் எண்ணெய் விளக்குக்கே திரும்பினார்கள். 1904இல் ஒளியேற்றப்பட்ட நான்காவது கோபுரம் 40 மீட்டருக்கும் மேல் உயரமான செங்கல் கட்டடம், இன்றும் நிற்கிறது.

ஐந்தாவதன் கதை வேறு. அருகில் எழுந்த அணுமின் நிலையம் நான்காவதன் ஒளியைக் கடலிலிருந்து மறைக்கும் என்பதால், 1961இல் முன்வார்ப்புக் கான்கிரீட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதிய கோபுரத்தை எழுப்பினார்கள். கருப்பு வளையங்களுக்கு மேற்பூச்சு இல்லை. நிறத்தைக் கான்கிரீட்டிலேயே கலந்துவிட்டார்கள், கடற்காற்றில் ஆண்டுதோறும் வண்ணமடிக்கும் வேலை மிச்சம். இரவில் வலசை வரும் பறவைகள் மோதாதிருக்க, கோபுரத்தின் மீதே வெளிச்சம் பாய்ச்சப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மின்நிலையம் அரித்துச் செல்லப்படும் பக்கத்தில் அமைந்துவிட்டது; அதைக் காக்க, கிழக்கே சேர்ந்த கற்களை லாரிகளில் ஏற்றி மீண்டும் மேற்கே கொட்ட வேண்டியிருந்தது.

மக்கள் வசிக்கிறார்கள். 1920களில் ரயில்வே ஊழியர்கள் கழிக்கப்பட்ட ரயில் பெட்டிகளை வாங்கிக் கூழாங்கற்கள்மேல் நிறுத்தி வீடாக்கிக்கொண்டார்கள். பலகைகளுக்குப் பின்னே அப்பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 1792ஆம் ஆண்டுக் கோபுரத்தை நான்காவது வந்தபின் இடித்துவிட்டாலும், அதன் அடியைச் சுற்றிக் காவலர்களுக்காகக் கட்டிய வட்டவடிவக் குடியிருப்பை இடிக்காமல் விட்டுவைத்தார்கள். இப்போதைய கோபுரத்தில் காவலர் யாருமில்லை; 1991 முதல் அது தானாகவே இயங்குகிறது.